சுவர் எதில் எழுப்புவது: மண்கல், ஏஏசி பிளாக், எலிப்பொறிக் கட்டு

சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீடு கட்ட வேண்டும் என்று கிளம்புபவர்களில் பலர், தூணுக்குக் கம்பி கட்டி முடித்த பிறகுதான் சுவர் எதில் என்று யோசிக்க உட்காருகிறார்கள். அதற்குள் பாதி முடிவு கையை விட்டுப் போயிருக்கும். அஸ்திவாரம் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்வது சுவரின் எடை. பாரத்தைச் சுவரே தாங்குமா, தூணும் பீமும் தாங்குமா என்பதைப் பொறுத்துக் கம்பிக் கணக்கும் சிமெண்ட் கணக்கும் தலைகீழாக மாறும். அதனால் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் இறுதியாவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. பெயின்ட் நிறம் போலக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இங்கே ஒப்பிடுவது மூன்று: சுடாமல் அழுத்திச் செய்யும் மண்கல், காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்லான ஏஏசி (ஆட்டோகிளேவ்டு ஏரேட்டட் கான்கிரீட்) பிளாக், செங்கல்லை விளிம்பில் நிறுத்தி உள்ளே இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. எடையிலிருந்து ஆரம்பிப்போம். 3 மீட்டர் உயரச் சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 9 அங்குலச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு, ஏறக்குறைய 1.4 டன். 240 மி.மீ. மண்கல் சுவர் பூச்சே இல்லாமல் அதே அளவுக்கு வரும். எலிப்பொறிக் கட்டு 1.1 டன் பக்கம். 200 மி.மீ. ஏஏசி பிளாக் சுவர் பூச்சையும் சேர்த்து அரை டன்னுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். செங்கல்லுக்கு என்று வடிவமைத்த தூண்-பீம் சட்டகத்தில் ஏஏசி வைத்தால் ஆபத்து இல்லை. தேவையில்லாத கம்பியைப் புதைத்திருப்பீர்கள். ஏஏசிக்கு என்று கணக்குப் போட்ட பீமின் மேல் "பிளாக் கிடைக்கவில்லை, செங்கல் வைத்துவிட்டோம்" என்பதுதான் செய்யவே கூடாத மாற்றம். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால் பொறியாளர் மறுபடி கணக்குப் போட்ட பிறகுதான் கல்லை இறக்க வேண்டும்.

மண்கல்

சூளையில் சுடாமல், மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து பிரஸ்ஸில் அழுத்திச் செய்வது. 1950களில் கொலம்பியாவில் ராவுல் ராமிரெஸ் உருவாக்கிய சின்வா-ராம் என்ற கைப்பிரஸ்ஸிலிருந்து இன்றைய இயந்திரங்கள் பலவும் கிளைத்தன. பிரஸ் எதுவானாலும் கல்லின் தலையெழுத்தை எழுதுவது மண்தான். சிமெண்ட் சேர்த்த கல்லுக்கு ஏற்ற மண்ணில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்பது நல்ல இலக்கு. மேல்மண் உதவாது, அதில் வேரும் மக்கிய இலையும் கலந்திருக்கும். அதை ஒதுக்கி வைத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அடியில் உள்ளதைச் சோதியுங்கள்.

சோதனைக்கு ஆய்வகம் பிறகு. முதலில் ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கால் பாகம் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி குலுக்கி அசையாமல் விடுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்வது மணலும் சரளையும். அரை மணி, முக்கால் மணியில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். மேலே மெழுகு போல நிற்கும் அடுக்கு களி. ஸ்கேலை வைத்து அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். இந்த அளவு தோராயமானதுதான், தண்ணீரில் களி உப்பி நிற்கும். ஆனாலும் எந்த மண்ணில் மணல் சேர்க்க வேண்டும், எந்த மண்ணைத் தொடவே கூடாது என்று சொல்ல இது போதும். கரிசல் மண் போல ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் பிளக்கும் மண்ணை சிமெண்ட்டால் அடக்க முயல்வது வீண். சிமெண்ட்தான் கூடுமே தவிரக் கல் நிற்காது. களி மிகுந்த மண்ணுக்கு சிமெண்ட்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும், ஆனால் இறுகுவதற்கு அதிக நாள் பொறுக்க வேண்டும்.

சிமெண்ட் அளவு எடையில் 5 சதவீதம் என்று ஆரம்பிக்கலாம். 240 × 240 × 90 மி.மீ. கல் ஒன்று ஒன்பது, பத்து கிலோ இருக்கும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு நூறு கல்லுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 40 கல். 200 சதுர மீட்டர் சுவர் என்றால் 8,000 கல், சுமார் 75 மூட்டை சிமெண்ட். கைப்பிரஸ்ஸில் நாளுக்கு 500 கல் என்று வைத்துக்கொண்டாலும் அச்சடிப்பதற்கே 16 நாள். கடைசிக் கல்லுக்கு அதன் மேல் 28 நாள் ஈரம் காக்க வேண்டும். பொறுமை இழப்பவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். அச்சடித்த கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, பிறகு தினமும் தண்ணீர் தெளித்து நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் மறுநாளே கெட்டியாகத் தோன்றும். உள்ளே சிமெண்ட் தண்ணீரின்றிப் பாதியில் நின்றிருக்கும். முதல் மழையில் மூலைகள் உதிரும்.

கலவையின் ஈரத்தைப் பார்க்க ஒரு பிடி எடுத்து உருண்டையாக இறுக்கி, நெஞ்சளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். நான்கைந்து துண்டாக உடைந்தால் சரி. தோசை மாதிரி தட்டையானால் தண்ணீர் அதிகம். பொடியாகச் சிதறினால் குறைவு. ஒவ்வொரு கலவைக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் குவியலின் மேல் மண்ணும் அடி மண்ணும் ஒரே ஈரத்தில் இருப்பதில்லை. தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணிக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மிச்சம் வைத்த கலவையைத் திரும்ப வந்து தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அந்தக் கற்கள் மட்டும் சுவரில் பலவீனமாக நிற்கும், எவை என்றும் தெரியாது.

ஈரத்தில் மண்கல்லின் வலு உலர்ந்த நிலையில் இருப்பதில் பாதி அளவுக்கு இறங்கும். ஆகவே பலச் சோதனை அறிக்கை கேட்டால் ஈரக் கல்லை நசுக்கிய எண்ணைக் கேளுங்கள். உலர்ந்த கல்லின் எண் அழகாகத்தான் இருக்கும். பேஸ்மட்டம் தரையிலிருந்து 450 மி.மீ. ஆவது உயர வேண்டும், கூரை சுவரைத் தாண்டி 600 மி.மீ. ஆவது நீள வேண்டும். மொட்டையான கூரை விளிம்பு கொண்ட பெட்டி வடிவ நவீன வீட்டுக்குப் பூசாத மண்கல் சுவர் பொருந்தாது. வரைபடத்தில் அந்த வடிவம்தான் வேண்டும் என்றால் மண்கல்லை விட்டுவிடுங்கள், அல்லது மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் வேறு பொருளில் வையுங்கள்.

கலவை கல்லைவிடப் பலமாக இருக்கக் கூடாது என்ற பயத்தில் சிலர் இணைப்பில் சிமெண்ட்டைக் கஞ்சத்தனமாகப் போடுகிறார்கள். பிரஸ்ஸின் அழுத்தம் கலவைக்குக் கிடையாது, அதனால் கல்லில் போட்டதைப் போல ஒன்றரை மடங்கு சிமெண்ட் அதே மண்ணும் மணலும் கலந்த கலவைக்கு வேண்டும். நாம் தவிர்க்க வேண்டியது வெறும் சிமெண்ட்-மணல் கலவையின் விறைப்பை.

ஏஏசி பிளாக்

1920களில் சுவீடனில் யோஹான் ஆக்செல் எரிக்சன் கண்டுபிடித்தது. மணல் அல்லது அனல்மின் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட் கலந்த குழம்பில் துளி அலுமினியப் பொடி போட்டால் ஹைட்ரஜன் குமிழ் கிளம்பி, மாவு பொங்குவது போலப் பொங்கும். அதை வெட்டி, உயர் அழுத்த நீராவியில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ. செங்கல்லின் மூன்றில் ஒரு பங்கு. 600 × 200 மி.மீ. முகம் கொண்ட பிளாக் சதுர மீட்டருக்கு எட்டுதான் பிடிக்கும். வேலை வேகம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஏஏசி பற்றிய புகார்களில் பெரும்பாலானவை ஒரே புகார்: பூச்சில் வெடிப்பு. பழி பிளாக் மேல் விழுகிறது, காரணம் பெரும்பாலும் ஈரம். நீராவிக் கலனிலிருந்து வெளிவரும் பிளாக்கில் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர் இருக்கும். அது காயும்போது சுருங்கும். சூடு ஆறாமல் லாரியில் ஏற்றி வந்து அடுத்த வாரமே சுவராக்கினால் சுருக்கம் முழுவதும் சுவரில் நடக்கும். இணைப்பிலும் ஜன்னல் மூலையிலும் கோடு விழும். தயாரித்த தேதியைக் கேட்டு, மூன்று நான்கு வாரம் ஆன பிளாக்கை வாங்குவதோ, வாங்கி மழை படாமல் அடுக்கி வைப்பதோ ஒன்றுதான் வழி. தரையில் நேராக அடுக்காதீர்கள், பலகை போடுங்கள். அது அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும்.

செங்கல் பழகிய கை செய்யும் அடுத்த தவறு, பிளாக்கைத் தண்ணீரில் ஊறவைப்பது. செங்கல்லுக்கு அது சரி. ஏஏசிக்கு முகத்தை லேசாக நனைத்தால் போதும். இணைப்புக்கு 3 மி.மீ. பசைக் கலவை. முதல் வரிசையை மட்டும் சாதாரணக் கலவையில் வைத்து மட்டம் பிடிக்க வேண்டும். அந்த வரிசை 5 மி.மீ. கோணினால், 3 மி.மீ. இணைப்பில் அதைச் சரிசெய்ய இடமே கிடையாது. மேலே வரை கோணிக்கொண்டே போகும். அதனால் முதல் வரிசைக்கு அரை நாள் செலவானால் வருத்தப்பட வேண்டாம்.

சுவர் நீளமாக இருந்தால் சுமார் 6 மீட்டருக்கு ஓர் அசைவு இடைவெளி விட வேண்டும். ஜன்னல் அடிமட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் கம்பி வைத்த மெல்லிய கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். மேலே பீமுக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் 10 முதல் 15 மி.மீ. இடம் விட்டு, மேல்தளங்களின் பாரம் இறங்கி பீம் வளைந்து அடங்கிய பிறகு அடைக்க வேண்டும். அன்றைக்கே கல்லைச் செருகி இறுக்கினால், பீம் கொஞ்சம் தாழ்ந்ததும் பாரம் சுவர் மேல் உட்காரும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் இருபுறமும் 150 மி.மீ. பரவும்படி வலை அடித்துப் பிறகு பூச்சு. பூச்சு 12 மி.மீ. தாண்ட வேண்டாம், சிமெண்ட்டும் தூக்கலாக வேண்டாம். மென்மையான சுவர் மேல் விறைப்பான பூச்சைப் போட்டால் அது ஓடு போலத் தனியாகக் கழன்று வரும். விரலால் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்கும்.

எலக்ட்ரீஷியன் வரும் நாளில் நீங்களோ மேஸ்திரியோ சைட்டில் இருங்கள். குழாய் புதைக்கக் காடி, அதாவது பள்ளம், வெட்ட உளியும் சுத்தியலும் எடுத்தால் அடி ஒன்றுக்கு உள்ளங்கை அகலம் பெயர்ந்து விழும். சுவர் வெட்டும் இயந்திரம், இல்லாவிட்டால் கையால் இழுக்கும் காடி உளி போதும். நெட்டுக்குத்துக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, கிடைமட்டக் காடி ஆறில் ஒன்றை. 100 மி.மீ. உட்சுவரில் கிடைமட்டமாக 25 மி.மீ. குழாய் புதைக்க இந்தக் கணக்கு இடம் தராது. குழாயை மேலிருந்து இறக்குங்கள். வாஷ்பேசின், சமையலறை மேல் அலமாரி போன்ற பாரமானவை எங்கே வரும் என்று முன்பே குறித்து, அங்கே கான்கிரீட் கட்டை வைத்துக் கட்டிவிடுவது நல்லது. சாதாரண பிளாஸ்டிக் திருகுப் பிடி ஏஏசியில் நாளடைவில் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஏஏசிக்கென்றே விற்கும் நீளமான பிடி வேண்டும்.

எலிப்பொறிக் கட்டு

பொருள் அதே செங்கல். வைக்கும் விதம் வேறு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளால் பலருக்கு அறிமுகமானது. கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு நீளக் கல்லுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கல் என்று மாற்றி மாற்றி வைத்தால் உள்ளே பெட்டி பெட்டியாகக் காற்று இடைவெளி கிடைக்கும். 230 × 110 × 75 மி.மீ. கல்லில் அந்த இடைவெளி 80 மி.மீ. சாதாரண 9 அங்குலக் கட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 98 கல் வேண்டும், இதில் 77. கல்லில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், கலவையில் அதைவிட அதிகம்.

இதில் கல் தேர்வுக்குத் தளர்வு கிடையாது. கோணல் கல்லைப் படுக்க வைத்தால் கலவை மறைத்துவிடும். நிறுத்தி வைத்தால் இரு முகமும் காட்டிக்கொடுக்கும். இரண்டு கல்லை மோதினால் கணீர் என்று கேட்க வேண்டும், விளிம்பு நறுக்கென்று இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கல் கிடைக்காத இடத்தில் இந்தக் கட்டு வேண்டாம்.

அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டலின் கீழ் வரிசை, கூரைக்குக் கீழ் வரிசை, கதவு ஜன்னல் ஓரங்கள், மூலைகள் எல்லாம் திடமாக இருக்க வேண்டும். கலவை பரப்பும்போது கரண்டியிலிருந்து வழிவது நேராக உள் இடைவெளிக்குள் விழும். குவிந்தால் வெளிக்கல்லிலிருந்து உட்கல்லுக்கு ஈரம் நடந்து போகப் பாலம் போட்டாயிற்று. 75 மி.மீ. அகலப் பலகைத் துண்டு ஒன்றை இடைவெளியின் வாயில் வைத்துவிட்டுக் கலவை போட்டு, பிறகு பலகையைத் தூக்கி உதறினால் தீர்ந்தது. மின்குழாயைக் கட்டும்போதே உள்ளே நிறுத்திவிட வேண்டும். கட்டிய பிறகு உளி வைத்தால் கல் உள்ளே உடைந்து பொந்து திறந்துகொள்ளும்.

அனல்மின் சாம்பல் கல்லை இங்கே தனியாகப் பிரிக்கவில்லை. அளவு துல்லியம், சூளை கிடையாது. மற்றபடி எடையும் வெப்பம் கடத்துவதும் செங்கல் வகையறாதான். எலிப்பொறிக் கட்டுக்கு நல்ல செங்கல் கிடைக்காவிட்டால் இதை வைக்கலாம். ஹாலோ பிளாக்கை மதிற்சுவரோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

வெயில் எதில் குறைவாக உள்ளே வரும்

சுவர் வழியாக வெப்பம் கடக்கும் வேகத்தை யூ மதிப்பு சொல்லும், குறைந்தால் நல்லது. 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அது சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கும் 2 வாட் அருகே. மண்கல் அதற்குச் சற்று மேல். எலிப்பொறி 1.8 பக்கம். 200 மி.மீ. ஏஏசி 0.8க்கும் கீழ். மண் சுவர் குளிர்ச்சி என்ற பேச்சு இந்த எண்ணில் தோற்றுவிடும். ஆனால் அந்தப் பேச்சு பொய்யும் இல்லை. அது பேசுவது வேறொரு குணத்தை. மண்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிலோ. ஏஏசி 120 கிலோ. பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் திறன் அந்த எடையில் இருக்கிறது. இரவில் நன்றாகக் குளிரும் இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து அந்தச் சூட்டை வெளியேற்றினால் மறுநாள் மதியம் வரை சுவர் தணிந்திருக்கும். இரவிலும் புழுக்கம் குறையாத இடத்தில் அதே சுவர் படுக்கையறைக்குள் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். ஆகவே பகல் உச்சத்துக்கும் இரவு தாழ்வுக்கும் இடையே பத்து டிகிரியாவது வித்தியாசம் உள்ள மாதங்கள் அதிகமா என்று பாருங்கள். ஆம் என்றால் கனச் சுவர். இல்லை, அல்லது ஏசி போட்டுத்தான் தூங்குவோம் என்றால் ஏஏசி.

இந்தச் சண்டையில் கூரையை மறப்பது சகஜம். நிலநடுக்கோட்டுக்கு அருகில், உச்சி வெயிலில் கூரைதான் அதிகம் வாங்குகிறது. கூரைக்கு வெப்பத் தடுப்பும் மேற்குச் சுவருக்கு நிழலும் இல்லாமல், சுவரை மட்டும் 2லிருந்து 0.8க்கு இறக்குவது, வாயிற்கதவைத் திறந்துவைத்துவிட்டு ஜன்னலைப் பூட்டுவது போலத்தான்.

பொருளுக்குள் புதைந்த எரிசக்தி

சுடாத கல், லேசான கல் என்ற விளம்பரங்களை விட்டுவிட்டு, ஒரு சதுர மீட்டர் சுவரை உருவாக்கக் கல்லுக்கு மட்டும் செலவாகும் எரிசக்தியைப் பார்க்கலாம். செங்கல் கிலோவுக்கு 3 மெகாஜூல், ஏஏசி 3.5, 5 சதவீத சிமெண்ட் சேர்த்த மண்கல் 0.7 என்ற பொதுவான கணக்கில்: திடச் செங்கல் சுவர் சுமார் 1,000 மெகாஜூல், எலிப்பொறி 790, ஏஏசி 420, மண்கல் 310 முதல் 320. கிலோவுக்கு அதிகம் தின்னும் ஏஏசி, எடை குறைவால் சுவரில் பாதியாகிவிடுவதைக் கவனியுங்கள். சூளையின் வகையைப் பொறுத்துச் செங்கல்லின் எண் நிறையவே ஏறி இறங்கும்.

இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறும். ஏஏசி சுவர் பெரும்பாலும் தூண்-பீம் சட்டகத்தின் நடுவில்தான் நிற்கிறது; அந்தக் கான்கிரீட்டையும் கம்பியையும் அதன் கணக்கில்தான் எழுத வேண்டும். ஒன்று, இரண்டு மாடி வீட்டில் மண்கல் சுவரும் எலிப்பொறிச் சுவரும் தாமே பாரம் தாங்கும். நிலநடுக்கம் வரும் இடத்தில் பேஸ்மட்டம், லிண்டல், கூரை மூன்று மட்டத்திலும் கம்பிப் பட்டையும் மூலைகளில் நெட்டுக்குத்துக் கம்பியும் வைத்தாலும் முழுச் சட்டகத்தைவிடக் கம்பி குறைவு. ஆக, மிகவும் கேடான சேர்க்கை எது என்றால், முழுக் கான்கிரீட் சட்டகம் எழுப்பிவிட்டு நடுவில் மண்கல்லை அடைப்பது. கனமான சுவரைச் சுமக்கப் பருமனான பீம், அதற்குப் பெரிய அஸ்திவாரம். மண்ணில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கான்கிரீட் தின்றுவிடும்.

வேலை இப்போது எங்கே நிற்கிறது

வரைபடமே முடியவில்லை, அறைகள் 4 மீட்டருக்குள், சுவர் மேல் சுவர் வரும் அமைப்பு, இரவு குளிரும் இடம், நல்ல மண்: மண்கல். அஸ்திவாரம் தோண்டும்போது வரும் மண்ணே பாதி கல்லாகும், அதனால் பிரஸ்ஸை முதலிலேயே வரவழைத்து, அஸ்திவார வேலை நடக்கும் வாரங்களில் கல் ஈரம் காக்கட்டும். மழைக்காலம் தலைக்கு மேல் நின்றால் கூடாரம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வரைபடம் முடியவில்லை, ஆனால் பெரிய கூடம், பெரிய கண்ணாடி, முன்னே தள்ளிய மாடி: இவை சட்டகத்தைக் கேட்கும். ஏஏசி, முதலிலிருந்தே அந்த எடைக்கு வடிவமைத்து.

தூண்கள் நிற்கின்றன, செங்கல் எடைக்குக் கணக்கிட்டவை: ஏஏசியும் எலிப்பொறியும் இரண்டும் திறந்திருக்கின்றன. ஏசி ஓடும் அறைகளுக்கு ஏஏசி. பூசாமல் செங்கல் முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையும், அதைக் கட்டத் தெரிந்த கொத்தனாரும் இருந்தால் எலிப்பொறி.

எதைத் தேர்ந்தாலும், முழு லோடு ஆர்டர் கொடுக்கும் முன் சைட்டின் ஓரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிச் சுவர் எழுப்பச் சொல்லுங்கள், வீட்டில் வேலை செய்யப்போகும் அதே கொத்தனாரை வைத்து. அதில் ஒரு சுவிட்ச் பெட்டிக்குக் காடி வெட்டி, பாதிக்குப் பூச்சு போட்டு, மூன்று வாரம் விடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மறுநாள் போய்ப் பாருங்கள்: பூச்சில் முடிக்கோடு விழுந்திருக்கிறதா, தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறதா, பின்பக்கம் ஈரம் கசிந்திருக்கிறதா, கல்லின் கீழ் விளிம்பை நகத்தால் சுரண்டினால் மண் வருகிறதா.